பீரோவில் கிடக்கும் ஜூம் பிலிம் கேமராவுக்கு முதல் ரோல்: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வளைகுடாவில் இருந்து மாமா கொண்டுவந்தது, சிங்கப்பூர் போய்வந்த பெரியப்பா வாங்கியது என்று 90களின் ஜூம் கேமராக்கள் வடாற்காட்டு வீடுகளில் இன்னும் கிடக்கத்தான் செய்கின்றன. பென்டாக்ஸ் எஸ்பியோ, ஒலிம்பஸ் மியூ ஜூம், கேனான் ஷ்யூர் ஷாட், யாஷிகா, நிக்கான் என்று பெயர் மாறினாலும் சாடை ஒன்றுதான். உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, பொத்தானைத் தொட்டால் ‘வ்ர்ர்’ என்று வெளியே நீளும் லென்ஸ், மேலே எண் காட்டும் குட்டித் திரை. 1986இல் வந்த பென்டாக்ஸ் ஜூம்-70தான் இந்த வகைக்கு மூத்தது. 35 மி.மீ. பிலிம் போடும் சிறு கேமராவில் ஜூம் வைத்து முதலில் விற்றவர்கள் அவர்கள்.

இந்தக் கேமராக்களைக் கடையில் விற்றுக் கொடுத்ததே ஜூம்தான். இன்றைக்குப் புதிதாக ஆரம்பிப்பவரின் முதல் ரோலைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதே ஜூம்தான். கேமரா பழுது என்று தூக்கிப் போட்ட எத்தனையோ கேமராக்களில் பழுது எதுவும் இல்லை. நிழலில் நின்றுகொண்டு முழுசாக ஜூம் செய்து எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் முதல் ரோலைச் சோதனை ரோலாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு பிலிம் ரோல் வாங்கும் காசில் ஆம்பூரில் நாலு பேர் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிடலாம், கழுவுகிற கூலி தனி. அந்தக் காசுக்கு ஒழுங்காக ஏதாவது தெரிந்துகொண்டு வருவோம்.

பேட்டரி போடும் முன்

பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான ஜூம் கேமராக்களுக்கு சிஆர் 123ஏ என்ற 3 வோல்ட் லித்தியம் செல், கொஞ்சம் சின்ன கேமராக்களுக்கு சிஆர் 2. எது என்பது மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும். லித்தியம் செல் பொதுவாக ஒழுகாது. சாதாரண பென்சில் செல் போடும் மாடலாக இருந்தால்தான் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்க வாய்ப்பு அதிகம். பூத்திருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் தகட்டை மட்டும் துடைத்து, காயவைத்து, பிறகு செல் போடுங்கள்.

செல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதே உருவத்தில் சார்ஜ் ஏற்றும் செல்களும் ஆன்லைனில் கிடைக்கின்றன. அவற்றில் பல 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வரை போகும். பழைய சர்க்யூட்டுக்கு அது ஆகாது. ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் செல்லையே வாங்குங்கள்.

கேமராவை வெளியில் வாங்குவதாக இருந்தால் கையோடு ஒரு புது செல் எடுத்துப் போங்கள். “செல் இல்ல சார், மத்தபடி கண்டிஷன்ல இருக்குது” என்று சொல்லி விற்பவர்களிடம் பேச்சு வேண்டாம், அங்கேயே போட்டுப் பாருங்கள். எங்கள் தெரு ஸ்டுடியோக்காரர் எந்தக் கேமராவைக் கொண்டுபோனாலும் முதலில் சொல்வது இதுதான்: “மூஞ்ச நீட்டுதான்னு பாரு நைனா, அப்பால பேசிக்கலாம்.”

பிலிம் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது

ஆன் செய்ததும் லென்ஸ் தடங்கல் இல்லாமல் வெளியே வர வேண்டும். ஜூம் பொத்தானில் கடைசி வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். நடுவில் திக்கினாலோ, பாதியில் நின்று திரையில் எண் மின்னினாலோ அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள். இவற்றின் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரங்களும் மெல்லிய பட்டை வயர்களும். பழுது பார்க்க ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் உதிரி கிடைக்காது.

அடுத்து பின்கதவைத் திறந்து கேமராவை வெளிச்சமான சன்னல் பக்கம் காட்டுங்கள். பிளாஷை அணைத்துவிட்டுப் பின்னாலிருந்து லென்ஸைப் பார்த்தபடி அமுக்குங்கள். ஒரு கணம் ஒளிப்புள்ளி தெரிந்து மறைந்தால் ஷட்டர் திறக்கிறது. இருட்டு மூலையைக் காட்டி அமுக்கினால் அதே புள்ளி கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும். நின்றால் வெளிச்சம் அளக்கும் கண்ணும் வேலை செய்கிறது. ஜூம் முழுக்க உள்ளே இருக்கும்போது ஒருமுறை, முழு ஜூமில் ஒருமுறை பாருங்கள். கதவு திறந்திருந்தால் அமுக்கவே விடாத மாடல்களும் உண்டு, அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்தால் பூஞ்சை சிலந்திவலைபோல் கிளைவிட்டுத் தெரியும். ஓரத்தில் ஒன்றிரண்டு தூசி இருப்பதால் ஒன்றும் ஆகாது. வெளிச்சம் உள்ளே புகாமல் இருக்கக் கதவு ஓரத்தில் கருப்பாக ஒட்டியிருக்கும் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். விரலில் தார் மாதிரி பிசுபிசுவென்று வந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கருப்புக் கம்பளி நூலை ஒட்டினால் போதும். பின்கதவில் பிலிம் தெரியும் சின்னக் கண்ணாடி சன்னல் இருக்குமே, அதைச் சுற்றிய பஞ்சையும் மறக்காதீர்கள்.

பிளாஷ் சார்ஜ் ஆகி எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் ஸ்குரூடிரைவரை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும். செல்லைக் கழற்றிய பிறகும் நேரம் சென்று தொட்டாலும் அடிக்கும்.

தேதி அச்சடிக்கும் மாடல் என்றால் அதை அணைத்துவிடுங்கள். பல மாடல்களில் ஆண்டுக் கணக்கு 2010களோடு முடிந்துவிடும். கோட்டை மதில் மேல் ஆரஞ்சு நிறத்தில் தப்பான வருஷம் விழுந்தால் அழகாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் அப்படியே விடலாம்.

எந்த ரோல்: 200ஆ, 400ஆ?

லென்ஸைச் சுற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள். 38-140 மி.மீ., 1:4-11 என்பதுபோல் இருக்கும். ஜூமை உள்ளே இழுத்து 38இல் அகலமாக வைத்தால் எஃப் 4, 140இல் முழு ஜூமில் எஃப் 11 என்று பொருள். எஃப் எண் கூடினால் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் குறையும். அதாவது லென்ஸ் நீண்டு முடிக்கும்போது பிலிமுக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பிலிம் எவ்வளவு வேகமாக வெளிச்சத்தைப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஐ.எஸ்.ஓ. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ 200 பிலிமுக்கு எஃப் 16இல் ஷட்டர் 1/200 நொடி திறந்தால் போதும் என்பது பழைய வாய்ப்பாடு. எஃப் 11 என்றால் 1/400. வேலூர் வெயிலுக்கு இந்த விஷயத்தில் குறையே சொல்ல முடியாது, முழு ஜூமும் தாராளமாக எடுக்கலாம். நிழலுக்குள் போனால் வெளிச்சம் மூன்று நான்கு படி இறங்கும், ஒரு படி என்றால் பாதியாகக் குறைவது. அதே முழு ஜூமில் கேமரா 1/50க்கும் 1/25க்கும் போய்விடும். 140 மி.மீ. நீளத்தைக் கையில் ஆடாமல் பிடிக்க 1/140க்குக் குறையாமல் வேண்டும். அங்கேதான் படம் கலங்குகிறது. அதே நிழலில் ஜூமை உள்ளே இழுத்து அகலமாக வைத்திருந்தால் 1/200க்கு மேல் கிடைத்திருக்கும்.

ஆக, முதல் ரோலுக்கு ஐ.எஸ்.ஓ 400 வாங்குங்கள். கலரில் கோடக் அல்ட்ராமேக்ஸ் 400, கருப்பு வெள்ளையில் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ். வெளியில் வெயிலில் மட்டும் எடுப்பேன் என்றால் கோடக் கோல்டு 200 போதும். நம் ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ரோல் செய்துகொண்டிருந்த காலம் இருந்தது. அந்தப் பழைய ரோல் எங்காவது கிடைத்தால் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், கேமராவைச் சோதிக்க அது உதவாது.

பிலிம் சுருண்டிருக்கும் டப்பாவின் மேல் வெள்ளியும் கருப்புமாகக் கட்டங்கள் இருக்கும். 1983இல் கோடக் கொண்டுவந்த டிஎக்ஸ் கோடு அது. கேமராவுக்குள் இருக்கும் ஊசிகள் அதைத் தொட்டுத்தான் பிலிமின் வேகத்தைத் தெரிந்துகொள்கின்றன. இந்தக் கேமராக்களில் வேகத்தைக் கையால் மாற்ற வழி கிடையாது. சினிமா பிலிமை வெட்டிச் சுருட்டி விற்கும் ரோல்களில் பெரும்பாலும் இந்தக் கட்டங்கள் இருக்காது, கேமராவும் மாடலைப் பொறுத்து 100 என்றோ 25 என்றோ எடுத்துக்கொள்ளும். அதோடு பல சினிமா பிலிம்களின் முதுகில் கருப்புப் பூச்சு ஒன்று உண்டு. சாதாரண கலர் லேபின் மருந்தில் அது இறங்கினால் மருந்தே கெட்டுவிடும், லேப்காரர் சண்டைக்கு வருவார். முதல் ரோலுக்கு அந்த வம்பு வேண்டாம்.

ரோலை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அது இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத் திறக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே வைத்து, சில்லென்று இருப்பது போன பிறகு திறங்கள். இல்லாவிட்டால் பிலிம் மேல் வியர்த்துவிடும்.

ரோல் போடுவது

வெயிலில் நின்று போடாதீர்கள், உடம்பால் மறைத்துக்கொண்டாவது நிழல் செய்துகொள்ளுங்கள். டப்பாவை அதன் இடத்தில் உட்கார வைத்து, பிலிம் நாக்கைச் சிவப்புக் குறி வரை இழுங்கள். குறியைத் தாண்டி அதிகமாக இழுத்தால் உள்ளே மடிந்துகொள்ளும், குறைவாக இழுத்தால் பிடிக்காது. பிலிம் தட்டையாகப் படுத்திருக்கிறதா என்று பார்த்துக் கதவை மூடுங்கள். மோட்டார் தானே சுற்றிக்கொண்டு திரையில் 1 காட்டும். ‘இ’ என்ற ஆங்கில எழுத்தோ பூஜ்யமோ மின்னினால் பிடிக்கவில்லை. திறந்து மறுபடி போடுங்கள்.

சில மாடல்கள் மூடியதும் ரோல் முழுவதையும் வெளியே இழுத்துச் சுற்றிக்கொண்டு 36இல் இருந்து இறங்குமுகமாக எண்ணும். அதில் எடுத்த படம் ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் திரும்பிப் போய்விடும். நீண்ட நேரம் மோட்டார் ஓடுகிறதே என்று பயந்து கதவைத் திறந்துவிடாதீர்கள்.

கோட்டைக்குப் போங்கள்

சோதனை ரோலுக்கு வேலூர்க் கோட்டையைவிடத் தோதான இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. அகழிக்கு இந்தப் பக்கம் நின்றால் எதிரே கருங்கல் மதில். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள கோடுகள் படத்தின் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி கூர்மையாக விழுகின்றனவா என்று பின்னால் சரிபார்க்கலாம். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரேம் எண் (எத்தனையாவது படம்), ஜூம் எவ்வளவு, வெயிலா நிழலா என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

மதில் மேல் நேரடி வெயில் விழும் நேரத்தில் ஒரே இடத்தில் நின்று மூன்று எடுங்கள்: ஜூம் முழுக்க உள்ளே, பாதி, முழுக்க வெளியே. பிறகு மதில் நிழலோ மர நிழலோ விழும் இடத்துக்குப் போய் அதே மூன்று. கடைசியாக நிழலில் முழு ஜூமிலேயே இன்னொன்று, ஆனால் இந்த முறை கேமராவை ஏதாவது கட்டைச் சுவர் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. இந்த ஏழு பிரேம்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கேமராவைப் பற்றிப் பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதி ரோல் உங்களுடையது.

நிழலில் எடுக்கும்போது கேமரா தானாகப் பிளாஷை எரித்துவிடும். அகழிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மதிலுக்கு அந்தப் பிளாஷ் போய்ச் சேரவே சேராது. மின்னல் குறிக்குக் குறுக்குக் கோடு போட்ட நிலைக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறை அணைத்து ஆன் செய்யும்போதும் பெரும்பாலான கேமராக்கள் அதை மறந்துவிட்டுப் பழைய நிலைக்கே போய்விடும், எரிச்சல்தான். கேமராவை அணைக்காமல் வைத்திருப்பதைவிட ஒவ்வொரு முறையும் மாற்றிப் பழகுவது மேல்.

கண் ஏமாறும் இடங்கள்

இந்தக் கேமராக்களில் பல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் கோணத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. அதனால் கண்ணாடி இவற்றுக்கு ஆகாது. ஏலகிரி ஏறும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் சன்னல் கண்ணாடி வழியாக எடுத்தால், கண்ணாடியிலேயே ஃபோகஸ் நின்று மலை கலங்கிப் போகும். மலைப் படம் போட்ட பொத்தான் இருந்தால் அதை அமுக்கிவிட்டு எடுங்கள். தூரத்தை அளக்காமல் நேராக வெகுதூரத்துக்கு வைத்துக்கொள்ளும்.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுக் குறி அவர்களுக்கு இடையிலுள்ள சந்தில் விழும். பின்சுவர் பளிச்சென்று இருக்கும், ஆட்கள் மங்கலாக இருப்பார்கள். குறியை ஒருவர் முகத்தில் வைத்து, பொத்தானைப் பாதி அமுக்கிப் பிடித்துக்கொண்டே கேமராவைத் திருப்பி, பிறகு முழுசாக அமுக்குங்கள். பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் சரி. மின்னினால் ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறீர்கள்.

கிட்டத்தில் என்றால் எவ்வளவு? பெரும்பாலும் 60 முதல் 90 சென்டிமீட்டர். நேதாஜி மார்க்கெட்டில் முள்ளுக் கத்திரிக்காய்க் கூடையைப் பார்க்கும்போது கை தானாகக் குனியும். காம்பில் இருக்கும் முள், தண்ணீர் தெளித்த பளபளப்பு எல்லாம் வியூஃபைண்டரில் சுத்தமாகத் தெரியும், பிலிமில் தெரியாது. ஏனென்றால் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, மேலே இருக்கும் தனிச் சன்னல் வழியாக. அது எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். கூடையில் இருந்து ஒரு எட்டு பின்னால் நகர்ந்து, ஜூமை வைத்துக் கிட்டே கொண்டுவாருங்கள். அந்தத் தூரத்தில் சன்னல் காட்டுவதும் லென்ஸ் பார்ப்பதும் கொஞ்சம் விலகியிருக்கும் என்பதால், உள்ளே தெரியும் சின்னக் கோடுகளுக்குக் கீழே காயை வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் மேலே தார்ப்பாய் கட்டியிருக்கும், வெளிச்சம் குறைவு. ஐ.எஸ்.ஓ 400 என்றாலும் ஜூமைக் கால்வாசிக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். “எதுக்குப்பா போட்டோ?” என்று கடைக்கார அம்மா கேட்டால் கேமராவைக் காட்டுங்கள். பிலிம் என்றதும் அவர்களே தராசை நேராக வைத்து உட்கார்ந்து போஸ் கொடுப்பார்கள்.

கல்யாண மண்டபத்துக்கு எடுத்துப் போவதாக இருந்தால் இன்னொரு கணக்கு. இந்தச் சின்னப் பிளாஷ்களின் வலுவை 12 என்ற வழிகாட்டி எண்ணாக வைத்துக்கொள்வோம். அதை எஃப் எண்ணால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ 100இல் எஃப் 4க்கு மூன்று மீட்டர், எஃப் 11க்கு ஒரு மீட்டர் சொச்சம். 400 பிலிமில் இது இரட்டிப்பாகும், அதாவது ஆறு மீட்டரும் இரண்டு மீட்டரும். பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மேடையை ஜூம் செய்தால் இருட்டுதான் வரும். எழுந்து மேடைக்குப் பக்கத்தில் போய், ஜூமை உள்ளே இழுத்துவிட்டு எடுங்கள். வீடியோக்காரர் முறைப்பார், பரவாயில்லை. பிளாஷில் கண் சிவப்பாக விழாமல் இருக்க வைத்திருக்கும் செங்கண் குறைக்கும் நிலையில் முதலில் ஒரு வெளிச்சம் அடித்து ஒரு நொடி கழித்துத்தான் படம் எடுக்கும். எடுத்தாகிவிட்டது என்று நினைத்து எல்லோரும் முகத்தைத் திருப்பிவிடுவார்கள், முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போகிற அன்று கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், உள்ளே விடமாட்டார்கள்.

ரோல் முடிந்த பிறகு

கடைசி பிரேம் எடுத்ததும் மோட்டார் தானே பிலிமைத் திரும்பச் சுற்றும். சத்தம் முழுசாக நின்று, திரையில் பூஜ்யமோ மின்னும் டப்பாப் படமோ வந்த பிறகே கதவைத் திறங்கள். நடுவிலேயே எடுக்க வேண்டுமென்றால் அடியில் குழிவாக ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், பேனா முனையால் அமுக்குங்கள்.

எடுத்த ரோலை வண்டி டேங்க் கவரிலோ கார் டாஷ்போர்டிலோ போட்டுவைக்காதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது, மூடிய காருக்குள் கேட்கவே வேண்டாம். நிறம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சீக்கிரமே கழுவக் கொடுங்கள்.

கலர் ரோல் கழுவும் சி-41 முறைக்கு மருந்து 37.8 டிகிரியில் இருக்க வேண்டும், டெவலப்பர் என்ற முதல் மருந்தில் 3 நிமிடம் 15 நொடி. தினமும் ரோல் வராத இடத்தில் மருந்து பழசாகிவிடும். உள்ளூர் ஸ்டுடியோவில் கழுவித் தருகிறோம் என்றால், கடைசியாக எப்போது கலர் ரோல் கழுவினீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்புவது நல்லது. ஸ்கேன் மட்டும் போதும் என்று விட்டுவிடாமல் நெகட்டிவைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். கருப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவலாம், ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லும் சூடு 20 டிகிரி. மே மாதத்து வேலூர்த் தொட்டித் தண்ணீரில் அது நடக்காது, ஐஸ் கட்டி மிதக்கும் பாத்திரத்துக்குள் மருந்து பாட்டிலை வைத்துத்தான் இறக்க வேண்டும்.

நெகட்டிவைப் படிப்பது

ஸ்கேனை லேப் மெஷின் திருத்தியிருக்கும், உண்மை நெகட்டிவில்தான் இருக்கிறது. செல்போனில் வெள்ளைத் திரை வைத்து அதன் மேல் பிடித்துப் பாருங்கள்.

படமே இல்லை, ஆனால் ஓரத்தில் கம்பெனிப் பெயரும் எண்களும் இருக்கின்றன என்றால் கழுவியது சரி. பிலிம் கேமராவில் ஓடவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எழுத்தும் இல்லை என்றால் கழுவியதில் கோளாறு. எல்லாப் பிரேமிலும் ஒரே இடத்தில் கருப்புத் தீற்றல் விழுந்திருந்தால் கதவுப் பஞ்சைத் திரும்பப் பாருங்கள்.

பிறகு அந்த ஏழு பிரேம்கள். வெயிலில் முழு ஜூம் கூர்மை, நிழலில் முழு ஜூம் கலங்கல், சுவர் மேல் வைத்து எடுத்தது மறுபடி கூர்மை என்றால் கேமராவில் ஒரு குறையும் இல்லை. வெயிலிலும் முழு ஜூம் கலங்கியிருந்தால், கலங்கலின் சாயலைப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுத்துவிட்டாற்போல் இருந்தால் கை ஆடியது. மதில் மங்கலாகவும் முன்னாலிருக்கும் புல்லோ கம்பியோ தெளிவாகவும் இருந்தால் ஃபோகஸ் தப்பியது. எதுவுமே எங்குமே தெளிவில்லை, அல்லது ஒரு பக்க ஓரம் மட்டும் எப்போதும் மங்கல் என்றால் லென்ஸ் குழாய் உள்ளே சாய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யச் செலவழிக்க வேண்டாம். ஜூமைத் தொடாமல் 38இலேயே வைத்து எடுத்தால் அதே கேமரா இன்னும் பல வருஷம் நல்ல படம் கொடுக்கும்.

மறுபடி எடுத்து வைக்கும்போது செல்லைக் கழற்றிவிடுங்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன் பொட்டலத்தை மாற்றுங்கள். மாதத்துக்கு ஒருமுறை செல் போட்டு லென்ஸை நீட்டி மடக்கி, பிளாஷையும் இரண்டு தடவை எரியவிடுங்கள். கேமராவோடு வந்த தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிடச் சுகமான இடம் கிடையாது. ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்கள் மன்னிக்கவும்.